வெங்கச்சாங்கல்லும் கொள்ளுச்செடியும்: பெங்களூரில் இருந்தபடி கற்கருவியும் தாவரமும் படிக்கத் தொடங்குபவருக்கு

ஊரிலிருந்து வேலைக்கு வந்து பெங்களூரிலேயே தங்கிவிட்ட நண்பர்கள் என்னிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பார்கள். ஆதி மனிதர்களின் கற்கருவிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்கே தொடங்குவது? இந்தப் பக்கத்து மரம் செடி கொடிகளை எப்படி அடையாளம் கண்டு பழகுவது? இரண்டையும் ஒன்றாகவே தொடங்குங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். கருவியை ஒருவர் சும்மா செய்யவில்லை. எதையோ வெட்ட, சீவ, தோண்ட, அரைக்கச் செய்தார். அந்த எதையோவில் பெரும்பகுதி செடியும் மரமும் கிழங்கும் தானியமும்தான். கல் மட்டும் மிஞ்சியது, மற்றதெல்லாம் மக்கிவிட்டது. கல்லை மட்டும் படித்தால் கத்தியைப் பார்த்துவிட்டுச் சமையல் தெரிந்துவிட்டதாக நினைப்பது போல ஆகிவிடும்.

இதற்குப் பட்டம் தேவையில்லை. வார இறுதியில் அரை நாள், ஒரு நோட்டு, ஒரு கைலென்ஸ், கேமரா உள்ள போன், பொறுமை. இவ்வளவு போதும். கைலென்ஸ் பத்து மடங்கு பெருக்கிக் காட்டுவதாக இருக்கட்டும். அதற்கு மேல் வாங்கினால் கண் வலிக்கும், பழகுவதும் கடினம்.

முதலில் ஒரு விதி

எதையும் எடுக்காதீர்கள். வயல் வரப்பில் அழகான கைக்கோடரியே கிடந்தாலும் எடுக்காதீர்கள்.

எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. தொடங்கிய வருடம் ஓசூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் வெள்ளைக் குவார்ட்ஸ் செதில் ஒன்றைப் பார்த்தேன். செதில் என்றால் பெரிய கல்லிலிருந்து அடித்துப் பெயர்த்த சில்லு. விரல் நீளம்கூட இல்லை. ஒரு ஓரம் முழுக்கப் பல் பல்லாகச் சீராகக் கொத்தியிருந்தது. ஆசையில் பையில் போட்டுக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்கே கிடந்தது? கரையின் மேலா, உள்பக்கமா? கூட வேறு செதில்கள் இருந்தனவா?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஏரி எது என்பதுகூட உறுதியாக நினைவில்லை. அந்தக் கல் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஆனால் அது சொல்லக்கூடியதை எல்லாம் அந்த ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனம் கனக்கும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் அகழாய்வு செய்யக் கூடாது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த பொருளில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-இலேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. செடிக்கும் இப்படித்தான். தேசியப் பூங்காவிலும் காப்புக் காட்டிலும் அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்காதீர்கள். படம் எடுங்கள், எழுதுங்கள், அப்படியே விட்டு வாருங்கள்.

கல்லுக்குக் கண்ணைப் பழக்குவது

லால்பாக்கில் தொடங்கலாம். கெம்பேகவுடர் கோபுரம் நிற்கும் அந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். தேசிய நிலவியல் சின்னம் என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். காலையில் வெயில் சாய்வாக விழும்போது போய், பாறையில் கறுப்பும் வெள்ளையுமாக ஓடும் பட்டைகளைப் பாருங்கள். நடுவே வெள்ளை வெளேரென்று நரம்பு போல ஓடுவதைத் தேடுங்கள். நம் ஊரில் வெங்கச்சாங்கல் என்போமே, சின்ன வயதில் இருட்டில் ஒன்றோடொன்று உரசிப் பொறி பறக்க வைத்து விளையாடுவோமே, அந்தக் குவார்ட்ஸ்தான் அது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை கையளவுக்கும் சிறிய கருவிகள் பெரும்பாலும் இதில்தான் செய்யப்பட்டிருக்கின்றன. இன்னொரு கல்லையும் அறிந்து வையுங்கள்: டோலரைட். கறுப்பாக, கனமாக, நெருக்கமான மணிகளோடு இருக்கும். புதிய கற்காலத்து மழமழப்பான கோடரிகளுக்கு இந்த வட்டாரத்தில் அதைத்தான் விரும்பியிருக்கிறார்கள்.

இடத்துக்கு இடம் கல் மாறும். சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் குவார்ட்சைட், மணற்கல் இறுகி உருமாறிய கெட்டிப் பாறை. கர்நாடகத்தின் வடக்கே ஹுணசகி பள்ளத்தாக்கில் சுண்ணாம்புப் பாறை. அங்கே இசாம்பூர் என்ற இடத்தில் புணே டெக்கான் கல்லூரியின் கே. பத்தய்யா குழுவினர் தோண்டியபோது, பாறைப் பலகைகள் இயற்கையாகவே பெயர்ந்து கிடந்த இடத்திலேயே உட்கார்ந்து மனிதர்கள் கருவி செய்த பட்டறை வெளிப்பட்டது. அதன் காலம் ஏறத்தாழ 12 லட்சம் ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். அத்திரம்பாக்கம் அதையும் தாண்டி 15 லட்சம் ஆண்டுகள் வரை போகிறது. ஆகவே ஓர் இடத்துக்குப் போகும் முன் அங்கே என்ன கல் கிடைக்கும் என்று நிலவியல் வரைபடத்தைப் பாருங்கள். அங்கே இயல்பாகக் கிடைக்காத கல் தரையில் இருந்தால், யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

சரி, உடைந்த கல்லையும் உடைத்த கல்லையும் எப்படிப் பிரிப்பது? மனிதர் அடித்துப் பெயர்த்த செதிலில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். அடி விழுந்த சிறிய தட்டையான மேடை. அதற்குக் கீழே உள்பக்கத்தில் லேசான புடைப்பு. அதிலிருந்து குளத்தில் கல் எறிந்தது போல விரியும் அலைவரிகள். முதுகுப் பக்கத்தில், முன்பே வேறு செதில்கள் பெயர்க்கப்பட்ட தழும்புகள். கடைசியில் சொன்னதுதான் எனக்கு மிகவும் நம்பிக்கையான அடையாளம். இயற்கை ஒரு கல்லை ஒரே திசையில் ஐந்து முறை வரிசையாக உடைப்பது அரிது. குவார்ட்ஸில் மட்டும் சிரமம். அதற்குள் ஏற்கெனவே விரிசல்கள் ஓடுவதால் புடைப்பும் அலையும் சரியாகத் தெரியாது. அதனால் தொடங்குபவர்கள் குவார்ட்ஸைப் பார்த்து அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம்.

பெங்களூரைச் சுற்றிப் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது ஜல்லிதான். கிரஷரில் உடைத்த கருங்கல் ஜல்லியில் மேடையும் இருக்கும், புடைப்பும் இருக்கும், கூரான ஓரமும் இருக்கும். சாலை ஓரம், ரயில் பாதை, கட்டுமானம் நடக்கும் இடம், ஜேசிபி ஓடிய ஏரிக்கரை இவற்றில் கிடைப்பதை முதலில் ஜல்லி என்றே எண்ணிக்கொள்ளுங்கள். உடைந்த முகம் புதிதாகப் பளிச்சென்று இருந்தால் அது பெரும்பாலும் நம் காலத்து உடைப்பு. பழைய உடைப்பில் நிறம் மங்கி, ஓரம் மழுங்கி, மண்ணின் சாயம் ஏறியிருக்கும். ஒரு பிடி ஜல்லியை வீட்டுக்குக் கொண்டுவந்து லென்ஸில் ஒரு மணி நேரம் பாருங்கள். ஜல்லி நன்றாகத் தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாடம் அடித்துப் பார்ப்பதில் இருக்கிறது. கடையில் வாங்கிய அலங்காரக் கூழாங்கற்களை வைத்து நீங்களே செதில் பெயர்த்துப் பாருங்கள். கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கால் சட்டை கட்டாயம். திறந்த வெளியில், காற்று உங்கள் பக்கம் வீசாதபடி உட்காருங்கள், கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கீழே தார்ப்பாய் விரித்து, முடிந்ததும் ஒரு துணுக்கு விடாமல் அள்ளிவிடுங்கள். தொல்லியல் இடத்திலோ அதன் அருகிலோ இதைச் செய்யவே கூடாது. உங்கள் செதில் நாளை வேறொருவரின் தவறான முடிவாகிவிடும்.

அப்படி நான் பெயர்த்த ஒரு செதிலால் பச்சை மூங்கில் துண்டு ஒன்றைச் சீவிப் பார்த்தேன். முதல் சில நிமிடம் சவரக்கத்தி போல இழுத்தது. மூங்கில் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து உப்புக்கல் அளவுத் துணுக்குகள் உதிர, கை தானாகவே செதிலைத் திருப்பி அடுத்த ஓரத்துக்குப் போனது. அந்தத் திருப்பலை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதன்பின் அருங்காட்சியகத்தில் இரண்டு ஓரமும் தேய்ந்த ஒரு சுரண்டியைக் கண்ணாடிக்குள் பார்த்தபோது, அதை எந்தப் பக்கமாகப் பிடித்திருப்பார்கள் என்று என் விரலுக்குத் தெரிந்தது.

செடிக்குப் பெயர், பெயருக்குச் செடி

நம்மைப் போலத் தமிழ் பேசிக்கொண்டு கர்நாடகத்தில் செடி படிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. பாதிப் பெயர்கள் காதுக்குப் பழகியவை. நாவல் இங்கே நேரளெ, புங்கம் ஹொங்கெ, வேம்பு பேவு, கொள்ளு ஹுருளி, எருக்கு எக்கெ. ஆனால் அரளி என்று ஒருவர் சொன்னால் நின்று கவனியுங்கள். தமிழில் அரளி விஷச்செடி. கன்னடத்தில் அரளி மரம் என்றால் நம் அரச மரம். ஒரு மூதாட்டி அரளி இலையை மருந்துக்குப் பயன்படுத்துவதாகச் சொன்னதைக் கேட்டு நான் பதறிப்போன கதை உண்டு. அறிவியல் பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும். பைக்கஸ் ரிலிஜியோசா என்று எழுதிவிட்டால் அரச மரம்தான், நீரியம் ஓலியாண்டர் என்றால் அரளிதான், எந்த ஊரிலும்.

அதனால் நோட்டில் ஒவ்வொரு செடிக்கும் மூன்று பெயர் எழுதுங்கள்: தமிழ், கன்னடம், அறிவியல் பெயர். யார் சொன்ன பெயர், எந்த ஊரில் என்பதையும் சேர்த்து. வட்டாரப் பெயரும் ஒரு சான்றுதான்.

படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். செடி முழுவதும் நிற்கும் கோலம், இலை கிளையில் அமைந்திருக்கும் விதம், இலையின் அடிப்பக்கம், பூ பக்கவாட்டில், காய், மரமானால் பட்டை, எல்லாம் வேண்டும். பிறகு அது நிற்கும் இடம்: பாறை இடுக்கா, ஏரிச் சேறா, வரப்பா, மண் சிவப்பா கறுப்பா. ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ இந்திய பல்லுயிர் வலைத்தளத்திலோ படத்தை ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். போன் தானாகச் சொல்லும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். புல் வகைகளில் அது அடிக்கடி தவறும்.

உலர் தாவரத் தாள் செய்யவும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுத் தோட்டத்துக் களைச்செடியே போதும். பூவோ காயோ உள்ள கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, ஓர் இலையையாவது திருப்பி வைத்து, மேலே கனம் வைத்து அழுத்துங்கள். முதல் சில நாள் தினமும் தாளை மாற்றவில்லை என்றால் பெங்களூர் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்ததும் சுமார் 42-க்கு 28 செ.மீ. அட்டையில் தைத்து, கீழே வலது மூலையில் சீட்டு ஒட்ட வேண்டும். இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் உலர் தாவரத் தொகுப்பில் இப்படிப்பட்ட தாள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தாவரவியலாளர் சிசில் சல்டானா செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்த்துத் தொடங்கிய தொகுப்பு அது. அதைச் சார்ந்து தென்னிந்தியத் தாவரங்களின் இணையத் தொகுப்பையும் கட்டணமின்றித் தந்திருக்கிறார்கள். நேரில் பார்க்க விரும்பினால் முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். மருந்துச் செடிகளின் வட்டாரப் பெயர்களுக்கு எலகங்காவுக்கு அருகே இருக்கும் எஃப்ஆர்எல்எச்டி நிறுவனத்தின் தொகுப்பைப் பார்க்கலாம்.

கழித்துப் பார்க்கும் பயிற்சி

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு மேட்டின் மேல் நின்று, கண்ணில் படும் நிலத்திலிருந்து பிற்பாடு வந்த செடிகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் அழித்துக்கொண்டே வாருங்கள். தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, போகட்டும். சாலை ஓரத்து ஜகரண்டா தென் அமெரிக்கா, குல்மோகர் மடகாஸ்கர், தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டம். புதர் முழுக்க மண்டியிருக்கும் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் அங்கிருந்து வந்தவையே. வயலில் மக்காச்சோளம், மிளகாய், நிலக்கடலை போய்விடும். ராகிகூட ஆப்பிரிக்காவில் பயிராகி இங்கே வந்ததுதான். பெங்களூர்க்காரர்களுக்கு இதை நம்புவது கடினமாக இருக்கும்.

இப்போது மிஞ்சியதைப் பாருங்கள். ஆல், அரசு, நாவல், நெல்லி, இலந்தை, புங்கம், ஆவாரை, பாறையில் மஞ்சம்புல், வரப்பில் கொள்ளு. அந்தக் கற்கருவிகளைப் பிடித்தவர்கள் பார்த்த நிலத்துக்கு இது கொஞ்சம் நெருக்கம். 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்த காடு இதுவேதான் என்று சொல்ல முடியாது, மழையும் வறட்சியும் எத்தனையோ முறை மாறி மாறி வந்திருக்கின்றன. ஆனாலும் இந்தக் கழித்தலைச் செய்யாமல் ஒரு கற்கருவி இடத்தைப் பற்றி எழுதினால், உண்ணிச்செடிப் புதரில் ஆதி மனிதரை நிறுத்திவிடுவோம்.

கல்லும் செடியும் சேரும் இடம்

பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லு என்ற இடம் இருக்கிறது. அதன் ஹிரேகுட்டா மலையில் டோலரைட் பாறையிலிருந்து கோடரி செய்யும் பெரிய பட்டறையே புதிய கற்காலத்தில் நடந்திருக்கிறது. பாறை மேல் கோடரியைத் தேய்த்துத் தேய்த்து ஏற்பட்ட பள்ளங்களில் கை வைத்துப் பார்த்தால் அம்மிக்கல் போல வழவழவென்று இருக்கும். அதே வட்டாரத்து மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்திருக்கிறார்கள். கருகிய விதைகள் மேலே மிதக்கும், மெல்லிய சல்லடையில் பிடித்துவிடலாம். டோரியன் ஃபுல்லர் போன்ற தொல்தாவர ஆய்வாளர்கள் இப்படிச் சேர்த்த விதைகளில் திரும்பத் திரும்ப வந்தவை கொள்ளு, பாசிப்பயறு, குலசாமை, அத்துடன் ஒரு சிறு தினைப்புல். குலசாமையை இன்று ஜெயநகர் இயற்கை அங்காடிகளில் கொரலெ என்று விற்கிறார்கள். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே பெல்லாரிக் குன்றடியில் வேகவைத்த தானியம். வாங்கி ஒரு நாள் பொங்கிச் சாப்பிடுங்கள், அதுவும் படிப்புதான்.

கல்லின் மேலேயும் செடி தன் தடத்தை விடும். புல்லின் உடலில் சிலிக்கா உண்டு. கற்கத்தியால் புல்லை நீண்ட நேரம் அறுத்தால் ஓரத்தில் மெருகு போல ஒரு பளபளப்பு ஏறும். அரைகல்லின் நுண்ணிய குழிகளில் மாவுத்துகள்கள் ஒட்டி நிற்கும், நுண்ணோக்கியில் அவற்றின் வடிவத்தை வைத்துக் கிழங்கா தானியமா என்று பிரிக்க முயல்வார்கள். ஆகவேதான் கண்ட கல்லைக் கழுவாதீர்கள், எச்சில் தொட்டுத் துடைக்காதீர்கள் என்று மறுபடி மறுபடி சொல்கிறேன்.

எங்கே போவது

முதலில் கிருஷ்ணகிரி. மடிவாளாவில் பஸ் ஏறினால் சுமார் 90 கிலோமீட்டர்தான். அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் இந்த மாவட்டத்துக் கற்கருவிகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். பர்கூருக்கு அருகேயுள்ள மயிலாடும்பாறையில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அதே இடத்தில் நுண்கற்கருவிகளும் புதிய கற்காலக் கோடரிகளும் கிடைத்திருக்கின்றன.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளையார் கோயில், முனியப்பன் கோயில் மேடைகளைக் கவனியுங்கள். உழும்போது கிடைத்த மெருகேற்றிய கோடரிகளை மஞ்சள் குங்குமம் பூசிச் சாமியாக வைத்திருப்பார்கள். சேர்வராயன் மலைப் பகுதியிலும் இந்த வழக்கத்தை ஆய்வாளர்கள் வெகுகாலத்துக்கு முன்பே குறித்திருக்கிறார்கள். ஒரு வேப்ப மரத்தடியில் நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பூப் பறித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் குரல் கொடுத்தார்.

"தொடாத, கண்ணு. அது இடி விழுந்த கல்லு."

"தொடலீங்க பாட்டி. படம் மட்டும் எடுத்துக்கட்டுமா?"

"செருப்பக் கழட்டிட்டு எடுத்துக்க."

செருப்பைக் கழற்றிவிட்டு எடுத்தேன். பக்கத்தில் படர்ந்திருந்த கொடியின் பெயரையும் கேட்டேன். பாட்டி மூன்று பெயர் சொன்னார், மூன்றுக்கும் காரணமும் சொன்னார். நீங்களும் அப்படியே கேளுங்கள். அளவுகோலை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றால் அனுமதி கேட்டு வையுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

சென்னைக்குப் போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. நிலவியல் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வே அங்கிருந்துதான் கிளம்பியது. அவர் சேர்த்தவை எழும்பூரில் இருக்கின்றன. ஒவ்வொரு பொருளும் எங்கே கிடைத்தது என்று அவர் குறித்து வைத்ததால்தான் இன்றும் அவற்றைப் பயன்படுத்த முடிகிறது. பெல்லாரிப் பயணத்தைக் கடைசியாக வையுங்கள், கண் பழகிய பிறகு போனால்தான் அந்த மலையின் அருமை தெரியும்.

கண்டதை எழுதுவது

கருவி என்று தோன்றும் கல்லைப் பார்த்தால்: முதலில் தூரத்திலிருந்து இடத்தின் படம், பிறகு அளவுகோலோடு நெருக்கப் படம், போனில் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, தரையின் நிலை, சுற்றிலும் பத்தடிக்குள் வேறு என்ன கல், சுற்றியுள்ள ஐந்து செடிகளின் பெயர். கல்லை நகர்த்தாமல் இதையெல்லாம் எழுதி அந்தந்த மாநிலத் தொல்லியல் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். துல்லியமான இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். பொறுக்குபவர்கள் மறுநாளே வந்துவிடுவார்கள். பழைய கள ஆய்வுக் குறிப்புகளை ஒப்பிட 1909-இல் தொடங்கி, இன்று பெங்களூர் நிருபதுங்கா சாலையில் இருக்கும் மிதிக் சொசைட்டியின் நூலகம் உதவும்.

ஒரே இடத்துக்கு வருடத்தில் இரண்டு முறை போங்கள். ஆவணி, புரட்டாசியில் போனால் செடி எல்லாம் பூத்து நிற்கும், புல் முழங்கால் உயரம் வளர்ந்து ஒரு கல்லும் தெரியாது. தை, மாசியில் போனால் கொள்ளு அறுத்து முடிந்திருக்கும், புல் காய்ந்து சாய்ந்திருக்கும், மழை அரித்த சரிவில் வெள்ளைச் செதில்கள் வெயிலில் மின்னும். புரட்டாசியில் எழுதிய செடிப் பட்டியலைத் தையில் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் நடங்கள்.